பத்து அங்குலத் திருவலை

ஓடுகிற மெஷினில் பேரிங் நல்லதா கெட்டதா என்று அறிய நான் நீளமான திருப்புளி ஒன்றை எடுப்பேன். அதன் நுனியை பேரிங் இருக்கும் கூட்டில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவேன். நல்ல பேரிங் மெல்ல இரையும். தேய்ந்தது நறநறக்கும். உடையப்போவது இடைக்கிடை ஒரு தட்டுத் தட்டும். நாவற்குடாவில் வாவிப் பக்கமாக லேத் பட்டறை போட்டு இருபத்தாறு வருடமாகிறது. சித்தாண்டிப் பக்கத்து வயல் வட்டைகளில் உழுதுவிட்டுச் சேறு காயாமல் வரும் டிராக்டருக்கும், வாவியில் ஓடும் மீன்பிடிப் போட்டுக்கும் இந்தக் காதுதான் வைத்தியர். என் காதைப்பற்றி எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அது இல்லை.

என் மனைவி பிட்டு அவித்து விற்பவள். விடிந்து கடை திறக்கும் நேரத்துக்குள் எங்கள் வீட்டுப் பிட்டு மூன்று தேநீர்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவளுக்கு முப்பத்தொன்பது வயதாக இருந்தபோது வலது தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போவது நின்றுபோனது. ஏன் என்று கேட்டதற்கு டொக்டர்மார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உருண்டையாக இருக்கவேண்டிய எலும்பு முனை செத்து நசிந்துவிட்டது. மூட்டை மாற்றினார்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டு, அதன் கழுத்தில் ஒரு உலோக உருண்டை, இடுப்பெலும்பில் பதித்த கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் உருண்டை உராய்வதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. இவ்வளவுதான் சாமான். மாதிரியை டொக்டர் என் கையில் தந்தபோது, டிராக்டர் ஸ்டியரிங்கில் வரும் போல் ஜொயின்ட் என்கிற உருண்டை மூட்டு மாதிரித்தானே இருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, நிலத்தில் உட்கார்ந்து இருக்கக்கூடாது, குந்தக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது என்று மூன்று கட்டளை சொன்னார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். நான் ஆரையம்பதியிலிருந்து அவளுடைய வீட்டுக்கு வந்து ஏறியவன். அதற்காக யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தாலும் வந்த வீட்டில் தன் கைபட்ட பொருள் நாலு இருந்தால்தான் ஒரு ஆணுக்கு நெஞ்சு நிமிரும். கேற், கிணற்றுக் கப்பி, உடுப்புக் கொடி, சாமித் தட்டு எல்லாம் நான் செய்து போட்டவை. அவளும் ஒவ்வொன்றையும் வருகிறவர்களுக்குக் காட்டி, "இவர் செஞ்சது" என்று சொல்வாள். அதைக் கேட்பதற்காகவே நான் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றதுண்டு.

சத்திரசிகிச்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு திருவலை செய்தேன். தேங்காய் துருவும் திருவலை எங்கள் வீடுகளில் நிலத்தோடு ஒட்டிய ஒரு பலகை. அதன்மேல் இருந்துகொண்டு, முன்னால் நீண்டிருக்கும் இரும்புப் பல்லில் பாதித் தேங்காயை அழுத்தித் துருவ வேண்டும். பிட்டுக்காரிக்குத் திருவலை இல்லாமல் ஒரு நாள் போகாது. நிலத்தில் இருக்காதே என்றுதானே டொக்டர் சொன்னார்? முதிரை மரத்தில் நாலு கால் கடைந்து பலகையைப் பத்து அங்குலம் தூக்கினேன். விளிம்புகளை உருட்டி, மெழுகு தேய்த்து, இருக்கும் இடத்தைக் கொஞ்சம் குடைந்துவிட்டேன். டொக்டரின் கட்டளையும் மீறப்படவில்லை, பிட்டும் நிற்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷப் புளுகம். அவள் அதில் இருந்து பார்த்துவிட்டு, "நல்லா இரிக்கி" என்றாள்.

ஒன்பது வருடம் ஓடியது. பிறகு அவள் படியேறும்போது கைப்பிடியைத் தேட ஆரம்பித்தாள். தொடைக்குள் குத்துகிறது என்றாள். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கே விளங்கியது. உருண்டை கிண்ணத்தின் நடுவில் இல்லை. பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டு மேலே ஏறியிருந்தது. அதைவிட மோசம், கிண்ணத்தைச் சுற்றி இருந்த எலும்பில் கறுப்புக் கறுப்பாக ஓட்டை.

"தேஞ்சு விழுற பிளாஸ்டிக் தூளை உடம்பு எதிரி எண்டு நினைக்கும். அதோட சண்டை பிடிக்கப் போய்ப் பக்கத்தில இருக்கிற எலும்பையும் தின்டுரும்" என்றார் டொக்டர்.

வாவியில் ஓடும் போட்டின் சுழல்தண்டைத் தாங்கும் சாஃப்ட் புஷ்ஷில் நாங்கள் நீளவாக்கில் காடி வெட்டி விடுவோம். உள்ளே வரும் மணல் தண்ணீரோடு சேர்ந்து அந்தக் காடி வழியாக வெளியே போய்விடும். மூட்டுக்குள் விழுந்த தூளுக்குப் போக வழியில்லை. தேய்வதைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

"இந்தத் தரம் மாத்தலாம்" என்றார் டொக்டர். "ஆனா இதுவும் இப்பிடிக் கெதியாத் தேஞ்சா, மூண்டாந்தரம் கிண்ணத்தைப் பிடிக்கிறதுக்கு எலும்பு மிஞ்சும் எண்டு நான் வாக்குத் தர மாட்டன்."

"இது ஏன் இவ்வளவு கெதியாத் தேஞ்சது டொக்டர்?"

"பாவிச்சாத் தேயும்தானே."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்த புஷ் ஏன் தேய்ந்தது என்று கேட்கிறவனிடம் நான் இப்படிச் சொன்னால், அவன் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போவான். தேய்ந்த சாமானில் காரணம் எழுதியிருக்கும். அதை வாசிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். மனைவிக்கு நாற்பத்தெட்டு வயது. மூன்றாவது முறை இல்லையென்றால் அவள் மிச்ச ஆயுளைச் சக்கர நாற்காலியில் கழிக்க வேண்டும். நான் டொக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கழற்றுகிற பழைய உறையைக் கழுவி என்னிடம் தரவேண்டும்.

தந்தார். சத்திரசிகிச்சை முடிந்த நாலாம் நாள் அது ஒரு சின்னப் போத்தலில் என் கைக்கு வந்தது. புதிதாகப் போட்டது வேறு மாதிரி. தண்டு உறுதியாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டு, இருபத்தெட்டு மில்லிமீற்றர் உலோக உருண்டைக்குப் பதிலாக முப்பத்தாறு மில்லிமீற்றர் பீங்கான் உருண்டை போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக்கும் புது வகை. மூன்று மாதம் ஓய்வு, அதற்குப் பிறகு பழையபடி வேலை செய்யலாம் என்றார்கள். அவள் மறுபடி குசினிக்குள் பிட்டு அவிக்கப் போவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பட்டறை வெளிச்சத்தில் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்த இடம் இரண்டு இருந்தது. ஒன்று மேற்பக்கம், கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு ஆழமாக. உடம்பின் பாரம் விழும் இடம் அது, தேயத்தான் செய்யும். மற்றது முன்பக்க விளிம்பில். யாரோ பல்லால் கடித்ததுபோல் பிறைவடிவில் ஒரு வெட்டு. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. கிளினிக்கில் அதைக் காட்டினேன். உருண்டைக்குக் கீழே இருக்கும் கழுத்து விளிம்பில் இடித்த அடையாளம் என்றார் டொக்டர். எப்போது இடித்தது, எப்படி இடித்தது என்று நான் விடாமல் கேட்க, வெளியே நோயாளர் வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் இதைத்தான் ஆராய்கிறார், அவரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

விரிவுரையாளர் காத்தான்குடிப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். செயற்கை மூட்டைத் தேய்த்துப் பார்க்கும் மெஷின் ஒன்றை அவரே கட்டியிருந்தார். ஒரு இரும்புக் கை உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மனிதர் நடப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டும். மூட்டுக்குள் இருக்கும் நீருக்குப் பதிலாகக் கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீர். லட்சக்கணக்கான தரம் ஆட்டியபின் உறையைக் கழுவி நிறுத்துப் பார்த்தால், குறைந்த எடைதான் தேய்ந்த அளவு. ஆனால் நான் போன அன்று மெஷின் ஓடவில்லை. இரும்புக் கையைத் தாங்கும் கொழுவி வெடித்து, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பாகத்துக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தார்.

"இதுக்கா மிஸ் காத்துக்கொண்டிரிக்கீங்க?" என்று கேட்டு அந்தக் கொழுவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு நாளில் புதியது செய்து கொண்டுபோய்ப் பூட்டினேன். மெஷின் ஓடியது. அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் அங்கே என் தலை தெரியும்.

உருண்டையின் பருமனைப்பற்றி நாங்கள் நன்றாகச் சண்டை பிடித்தோம். பெரிய உருண்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடுதல் தூரம் உராயும், கூடத் தேயும், பிறகு ஏன் பெரிதாகப் போட்டார்கள் என்பது என் கேள்வி.

"பழைய பிளாஸ்டிக்குக்கு நீங்க சொல்றது சரி அண்ணன்" என்றார். "அதாலதான் அப்ப சின்னதாப் போட்டாங்க. புதுசு அவ்வளவு லேசில தேயாது. பீங்கானிலயும் கீறல் விழாது. அதால பெரிசாப் போட ஏலும். பெரிசாப் போட்டா என்ன லாபம் எண்டு நீங்களே செஞ்சு பாருங்களன்."

செய்து பார்த்தேன். பித்தளையில் இரண்டு உருண்டை கடைந்து, இரண்டுக்கும் ஒரே அளவு கழுத்து வைத்து, எக்ஸ்ரேயில் இருந்த சரிவிலேயே கிண்ணத்தை ஒரு பலகையில் பதித்தேன். சின்ன உருண்டையை நேரே மடக்கினால் நூற்றைந்து பாகையில் கழுத்து விளிம்பைத் தொட்டது. முழங்கால் உள்பக்கம் திரும்புவதுபோல் முறுக்கிக்கொண்டு மடக்கினால் எண்பத்தெட்டிலேயே தொட்டுவிட்டது. பெரிய உருண்டையில் இரண்டு கணக்கும் நன்றாகக் கூடியது. தலை பெருத்துக் கழுத்து சிறுத்தால் இடிப்பதற்கு முன் கூடுதல் தூரம் ஓடலாம். பட்டறைக்காரனுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. கழுத்து தொட்ட இடத்தில் மையைத் தடவிப் பார்த்தேன். முறுக்கி மடக்கியபோது பதிந்த மை, போத்தலில் இருந்த உறையின் வெட்டு எங்கே இருந்ததோ அதே இடத்தில் இருந்தது.

பல்கலைக்கழக மெஷினில் நாலு கிழமை ஓடிய உறையைக் கழற்றினோம். மேற்பக்கம் மினுங்கியது. விளிம்பில் ஒரு கீறலும் இல்லை.

"நடந்து தேஞ்சா இப்பிடித்தான் இரிக்கும்" என்றேன். "என்ட மனிசிட உறை நடந்து மட்டும் தேஞ்சதில்ல மிஸ். உங்கட மெஷினுக்கு நடக்க மட்டும்தான் தெரியும். இருந்து எழும்பவும் படிப்பிக்கோணும்."

அவர் மெஷினின் இரும்புக் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். "படிப்பிக்கலாம்" என்றார் பிறகு. "ஆனா என்ன பாகையில, எவ்வளவு முறுக்கு எண்டு எனக்குக் கணக்கு வேணும். மனசால சொல்லாம அளந்து கொண்டு வாங்க."

அளக்கச் சொன்னால் நான் விடுவேனா? இரண்டு மரப்பட்டிகளைக் கீலால் பிணைத்து, ஒன்றை முதுகோடும் ஒன்றைத் தொடையோடும் பிடித்து மடக்கம் பார்க்கிற மாதிரி ஒரு கருவி செய்தேன். மனைவியின் அளவுக்கே ஒத்த உடம்பு அவளுடைய தங்கைக்கு. மச்சினி அந்த மாதங்களில் பிட்டு வேலைக்கு உதவ எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளைப் பிடித்து வீட்டுக் கதிரை, கட்டில், கொமட், சாய்மனைக் கதிரை எல்லாவற்றிலும் இருத்தி அளந்தேன். வீதியில் நின்ற ஓட்டோவிலும் ஏற்றி இறக்கினேன். "அத்தானுக்கு விசர்" என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கழுத்து இடிக்கும் அளவுக்கு ஒன்றும் வரவில்லை.

வீட்டில் இல்லையென்றால் வெளியில். எனக்கு அம்மன் கோயில் ஞாபகம் வந்தது. சடங்கு நாட்களில் கோயில் மண்டபத்தில் எல்லாரும் நிலத்தில்தான் இருப்பார்கள். அம்மனுக்கு முன்னால் கதிரை போட்டு இருக்க எங்கள் பெண்களுக்கு மனம் வராது. மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். நேரே போய்க் கேட்டேன்.

"சடங்குக்குப் போன நேரமெல்லாம் நீ நிலத்தில இருந்தாயா?"

"இல்ல. பின்னால கதிரை போட்டுத்தான் இரிந்தன்."

"உண்மையச் சொல்லு. ஒன்பது வருசமும்?"

"ஒன்பது வருசமும்தான். பூசாரியாரக் கேட்டுப் பாருங்க. எனக்கு அது எவ்வளவு வெக்கமா இரிந்த எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை முகத்திலும் காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

மூன்றாம் நாள் காலை விரிவுரையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணக்குகளில் ஒன்றும் பொருந்தவில்லை என்று போனில் சொல்லியிருந்தேன். நேரில் ஒரு தரம் வீட்டைப் பார்க்கிறேன் என்றார். மனைவி ஊன்றுகோலோடு எழும்பி வந்து, குசினி வாசலில் போட்டிருந்த உயர்ந்த கதிரையில் இருந்துகொண்டாள். உள்ளே மச்சினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். விரிவுரையாளருக்குச் சூடாகப் பிட்டும் வாழைப்பழமும் வைத்தோம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். மூன்றாவதை எடுத்த கை அப்படியே நின்றது. அவர் மச்சினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினி திருவலையில் எல்லாப் பெண்களும் இருப்பதுபோலத்தான் இருந்தாள். இரண்டு காலையும் ஒரு பக்கம் சாய்த்து, வலது முழங்காலை உள்ளே திருப்பி, பல்லின்மேல் முழு உடம்பையும் வளைத்துக்கொண்டு.

"அண்ணன்" என்றார் விரிவுரையாளர், "இத அளந்தீங்களா?"

"இது நான் செஞ்சது மிஸ்" என்றேன்.

வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும் சந்தேகப்பட்டு, தெருவில் நின்ற ஓட்டோவையும் சந்தேகப்பட்டு, கடைசியில் மனைவியையே சந்தேகப்பட்டவன், நான் செய்த ஒன்றை மட்டும் அளக்கவே இல்லை. அளக்க வேண்டும் என்று ஒரு நினைப்புக்கூட வரவில்லை.

மரப்பட்டியைக் கொண்டுவந்து மச்சினியின் முதுகிலும் தொடையிலும் வைத்தேன். முழங்காலுக்குக் கீழே அவளுடைய கால் பதினாறு அங்குலம். பலகை பத்து. தொடை வயிற்றை நோக்கி மேலே ஏறி நின்றது, அதற்குமேல் முதுகு வளைந்து கிடந்தது. பட்டி நூற்றிருபதைத் தாண்டியது. முறுக்கு வேறு. அந்த முறுக்கோடு என்றால், சின்ன உருண்டை எப்போதோ இடித்திருக்கும். பெரிய உருண்டையும் இடித்திருக்கும். ஒன்பது வருடம், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தேங்காய், ஒவ்வொன்றுக்கும் எத்தனை அசைவு என்று கணக்குப் போடத் தொடங்கினேன், முடிக்க ஏலவில்லை.

குசினி வாசலில் இருந்த மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"டிக் எண்டு ஒரு சத்தம் கேக்கும்" என்றாள். "அதில இரிந்து குனியக்குள்ள. முதல் வருசத்திலேயே கேட்ட."

"ஏன் சொல்லல்ல?"

"நோகல்ல. மறுகா..." ஊன்றுகோலை மடியில் எடுத்து வைத்தாள். "நீங்க எங்கட வீட்டுக்கு வந்து, எனக்காக ராப்பகலா இருந்து கடைஞ்ச சாமான். வாறவங்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிரிந்த நான், அதுல இரிந்தாச் சத்தம் வருதெண்டு எந்த வாயால சொல்ற?"

விரிவுரையாளர் பிட்டுத் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். ஊரில் உள்ள பேரிங்கையெல்லாம் கேட்ட காது என்று சொல்லித் திரிந்தவன் நான். அவள் துருவும்போது நானும் அதே குசினியில் நின்று தேநீர் குடித்திருக்கிறேன்.

அழுதுகொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. மூன்று மாதத்தில் ஐந்து கிழமைதான் மிச்சம். விரிவுரையாளரின் மெஷினுக்கு சுழலச் சுழல இரும்புக் கையைத் தள்ளிவிடும் கம் என்கிற முட்டைவடிவச் சில்லும் முறுக்குக் கையும் செய்து பூட்டினேன். இப்போது அது ஆயிரம் அடி நடந்தால் ஒரு தரம் திருவலையில் இருந்து குனியும். சின்ன உருண்டையும் பழைய வகைப் பிளாஸ்டிக்கும் போட்டு ஓட்டிய உறையைக் கழற்றி என் போத்தல் உறையோடு பக்கத்தில் வைத்தபோது, இரண்டுக்கும் முன்விளிம்பில் ஒரே பிறை. அவர் பெரிய உருண்டையையும் போட்டுப் பார்த்தார். விளிம்பைச் சரித்துக் கடைந்து தரச் சொல்லி அதையும் பார்த்தார். வெட்டு நன்றாகக் குறைந்தது, இல்லாமல் போகவில்லை. மெஷின் இன்னும் ஓடுகிறது, அவர் இன்னும் விளிம்பை மாற்றி மாற்றித் தரச் சொல்கிறார், நானும் கடைந்து கொடுக்கிறேன். மூட்டைச் செய்கிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டுத் தரலாம். அந்த இடத்தையும் தின்றுவிடாமல் பார்ப்பது குசினிச் சாமான் செய்கிறவனின் வேலை.

திருவலையை உயர்த்தினால் போதும் என்று யாரும் சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேசையில் பூட்டித் திருகுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். மச்சினி துருவ, மனைவி அந்தத் தேங்காய்ப் பூவை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். "கட்டி கட்டியா விழுது. இதப் போட்டா பிட்டு களியாப் போகும்" என்று தள்ளிவிட்டாள். இரண்டாவதாக உயர்ந்த ஆசனம் ஒன்று செய்து முன்னால் பழைய பல்லைப் பூட்டினேன். தாழ்ந்த திருவலையில் உடம்பின் பாரம் பலகையை அமர்த்திப் பிடிக்கும். இது உயர்ந்துவிட்டதால் அழுத்தும்போது முன்பக்கம் கவிழப் பார்த்தது. கீழே ஒரு பழைய டிராக்டர் எஞ்சினில் சுழன்ற கனத்த பறக்கும் சில்லைப் போட்டுப் பாரம் ஏற்றினேன். கவிழவில்லை, ஆனால் பல் அதிர்ந்தது.

மூன்றாவதைச் செய்யும்முன் அதுவரை நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். ஒரு கட்டையும் சுண்ணாம்புத் துண்டும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்று, "நீ சொல்லு" என்றேன்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சொல்லத் தொடங்கினாள். சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவேயில்லை. "பல்லு நெஞ்சுக்கு நேர வேணாம், தொப்புளுக்கு மேல நாலு விரல். இன்னும் கீழ. இப்ப கனக்கக் கீழ போய்ட்டு. கால ரெண்டையும் நேர வைக்க ஒரு படி போடுங்க, சாய்க்க இடமிருந்தா நான் பழக்கத்தில சாய்ச்சிருவன்." பழைய திருவலையில் இருந்த குடைவு அவளுக்கு ஒருநாளும் வசதியாக இருந்ததில்லை, தொடையில் அழுத்தும் என்பதையும் அன்றுதான் சொன்னாள். இருபத்தொரு அங்குல உயரத்தில் தட்டையான ஆசனம் போட்டேன். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து நின்றது. பல்லைத் தாங்கும் தண்டை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துச் சில்லோடு ஒட்டினேன். கால்வைக்கும் படிக்கு நடுவில் ஒரு தடுப்பு வைத்தேன், முழங்கால் உள்ளே திரும்ப நினைத்தாலும் திரும்பாது. பார்க்க லேத் மெஷினின் குட்டிபோல் இருக்கிறது. அழகு இல்லை. பழையதைப்போல் மெழுகும் போடவில்லை.

மூன்று மாதம் முடிந்த கிழமை டொக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு வேலைக்குச் சம்மதம் கொடுத்தார். அடுத்த நாள் காலை அவள் குளித்து, விளக்கு வைத்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அந்த இரும்பு ஆசனத்தில் ஏறி இருந்தாள். மச்சினி மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு கதவு நிலையில் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, காதைக் கூர்மையாக்கி நின்றேன். அவள் முதல் பாதியைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க நிண்டு என்னத்தக் கேக்கப் போறீங்க? பட்டறையில வைக்கிறத எடுத்து வந்து வைங்களன்."

பகிடியாகத்தான் சொன்னாள். நான் உண்மையாகவே போய்த் திருப்புளியை எடுத்து வந்தேன். மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முழங்காலில் நின்று, திருப்புளியின் நுனியைத் துணியால் சுற்றி, அவளுடைய வலது இடுப்பில் எலும்பு தட்டுப்படும் இடத்தில் மெல்ல ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் துருவினாள். தேங்காய் பல்லில் உரசும் சத்தம் உடம்பு வழியாக இறங்கி வந்தது. அவள் குனிந்தபோதும் நிமிர்ந்தபோதும் அந்தச் சத்தம் ஒரேமாதிரித்தான் இருந்தது, நடுவில் ஒரு டிக்கும் இல்லை. ஒரு பாதி முடிந்து அடுத்த பாதி, அதுவும் முடிந்தது. என் கன்னம் ஈரமாகிவிட்டது, துடைக்கக் கை இல்லை.

"என்ன கேக்குது?" என்றாள்.

"ஒண்டும் கேக்கல்ல."

அவள் ஒரு கையால் திருப்புளியை வாங்கித் தன் பக்கத்தில் வைத்தாள்.

"இனிக் கேட்டா நான் சொல்லுவன்" என்றாள். "நீங்க காது வைக்கத் தேவல்ல." பிறகு அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்துப் பல்லில் வைத்தாள்.